கிளவுடில் முதல் ஆள்

ஜூலை 7, திங்கள்
முட்டிவலி குறைவு. மழை இல்லை.
எழுதப் படிக்கத் தெரியாத நான் சொல்லச் சொல்ல இந்தப் போன் எழுதிக்கொள்கிறது. ரேடியோ செய்தி கேட்டே பழகிய நாக்கு. போனைக் கண்டதும் தமிழ் நிமிர்ந்து நின்றுகொள்கிறது.
மருமகள் இளமதிதான் வாட்டமாக இருக்கிறாள். அவள் வேலை பார்க்கும் பல்கலைக்கழகம் சொந்தமாக ஒரு கிளவுட் தொடங்கியிருக்கிறது. ஏசி அறையில் பெரிய பெரிய கம்ப்யூட்டர்கள். அவற்றிலிருந்து ஆளுக்கொரு மெஷின் கேட்டு வாங்கி, இருந்த இடத்திலிருந்தே திரையில் ஓட்டலாம். பொறுப்பு இவளுடையது. ஒரு பேராசிரியர்கூட எட்டிப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குள் ஆள் சேராவிட்டால் மூடிவிடுவார்களாம். ஒப்பந்த வேலை — அதுவும் கூடவே போகும்.

ஜூலை 9, புதன்
"புரியல, கஷ்டம்னு சாக்கு சொல்றாங்க மாமா. நீங்க ஒருவாட்டி தொறந்து பாருங்க. எங்க இடிக்குதுன்னு எனக்குத் தெரியும்."
"இன்னாம்மா, என்ன எறக்கி ஆழம் பாக்குறியா?"
என் சம்சாரம் குப்பம்மாள் அடுப்படியிலிருந்து, "யோவ் கைநாட்டு! கம்ப்யூட்டர ரேகை வச்சித் தொறக்கப் போறியா?"
அவள் துறைத் தலைவர் அன்புராஜ் சாரிடம் கேட்டு என் பெயரில் கணக்கு போட்டாள் இளமதி. வீட்டுக் கம்ப்யூட்டர் கீபோர்டில் பாஸ்வேர்டுக்கு எந்தெந்தக் கட்டை என்று ஒருமுறை தொட்டுக் காட்டினாள். போதும். உருக்காலையில் சேர்ந்த அன்று மேஸ்திரி சட்டையில் எந்தப் பட்டன் நிறம் மாறியிருந்தது என்பதே எனக்கு மறக்கவில்லை, இதுவா மறக்கும்?
உள்ளே போய்விட்டேன்! எனக்காக அவள் பேச வைத்திருந்த திரை என் பெயரைச் சத்தமாக வாசித்தது: "வீரராகவன், வணக்கம்."

ஜூலை 10, வியாழன்
அவள் வேலைக்குப் போனதும் தனியாகத் திறந்தேன். புது மெஷினுக்குப் பச்சைப் பட்டன். அழுத்தினேன். சத்தமில்லை. மறுபடி அழுத்தினேன். ஊமையா இது? விடுவேனா! அழுத்தி அழுத்தி, கடைசியில் "தயார்" என்றது. இந்த வயதில் ஒரு குதி குதித்தேன்.

ஜூலை 11, வெள்ளி
இன்னா பண்ணித் தொலச்சேன் நான்?
காலைக் கூட்டத்தில் அன்புராஜ் சார் எல்லார் முன்னாலும் ஒரு மெஷின் திறக்கப் போனாராம். 'இடம் இல்லை' என்று வந்ததாம். நான் அழுத்திய ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு மெஷின். எட்டு! சோதனைக்கு ஒதுக்கிய இடம் மொத்தமும் நான் ஒருத்தனே அடைச்சிக்கினு குந்தியிருக்கேன்.
போனில் இளமதி அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "வரம்பு போட மறந்தது நாந்தான் மாமா. மத்தியானம் திரும்பக் கூடுறாங்க. உண்மையச் சொல்லிடறேன்."
சொல்லும்மா. என் பேரையே சொல்லு.

அதே நாள், சாயங்காலம்
சிரித்துக்கொண்டே வந்தாள்!
மத்தியானத்துக்குள் 'கிளவுடில் இடமே இல்லையாம்' என்ற பேச்சு வளாகம் முழுக்கப் பரவிவிட்டதாம். இயற்பியல்காரர் ஓடிவந்து, "யாரு மொத்தத்தையும் புடிச்சது? அப்ப எங்களுக்கு?" பின்னாலேயே வேளாண்மை, வேதியியல். எல்லாரும் பெயர் கொடுத்துவிட்டார்களாம். கும்மிடிப்பூண்டியில் ஷிப்டு விட்டதும் காலி பஸ்ஸை யாரும் சீண்டமாட்டார்கள். படியில் ஆள் தொங்கும் பஸ்ஸைத்தான் துரத்துவார்கள். படித்தாலும் அதே ஜனம்தான்.
இவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கூட்டமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததாம். ஆனால் பெயர் கொடுத்தவர் ஒருவரும் திரும்ப வாங்கவில்லை. அன்புராஜ் சார், "உங்க மாமாவுக்கு ஒண்ண வுட்டுட்டு மத்தத மூடும்மா" என்றாராம்.
குப்பம்மாள், "எட்டு மிஷினு மொதலாளி, வந்து சோறு துன்னு."

ஜூலை 13, ஞாயிறு
எட்டு மெஷின் கதையைக் கவரைப்பேட்டை ஸ்டேஷன் வரை ஒருவர் விடாமல் சொல்லி முடித்தேன். எனக்கு விட்ட அந்த ஒரு மெஷினில்தான் இப்போது இந்தப் பேச்சையெல்லாம் சேர்த்து வைக்கிறேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்
ஆபீசிலிருந்து இளமதி போன். பின்னால் ஒரே இரைச்சல். இப்போது அவளுக்கு உதவிக்கு இரண்டு பேர்.
"மாமா, பெரிய பேஜாரு. நெஜமாவே இடம் இல்ல. புது கம்ப்யூட்டர் வர்ற வரைக்கும் உங்க மிஷின மூடிக்கிறீங்களா? ஒரு ஆராய்ச்சிப் பொண்ணு காத்துக்கினு கீது."
"எந்த ஊரு?"
"பள்ளிப்பட்டு. நெல்லு நோவு போட்டோவா எடுத்து வச்சிக்கினு, அத ஓட்டிப் பாக்க மிஷின் இல்லாம நிக்கிது."
"வரச் சொல்லும்மா."
அங்கே வைத்திருந்த என் பேச்சையெல்லாம் போனுக்கு மாற்றிக்கொண்டு, மெஷினை மூடும் சிவப்புப் பட்டனை அழுத்தினேன். டீக்கடை வரை தனியாகச் சிரித்துக்கொண்டே நடந்தேன்.