பெயர் போடாத அறிக்கை

அண்ணே,

இன்று காலை ஜெராக்ஸ் கடையில், மிஷினிலிருந்து சூடாக வந்த தாளைக் கையில் வாங்கினேன். அந்த வாசனை என்னை வளைகுடாவில் நாம் வேலை பார்த்த ஜெபல் அலிக்கே கொண்டுபோய் நிறுத்தியது. அன்று நம் கேம்ப் மேனேஜர் கையில் இருந்ததும் அப்படியொரு தாள்தான். அதில் நீங்கள் இருந்தீர்கள்.

நீங்கள் கிரேனில் சரக்கைக் கட்டி ஏற்றுகிற ரிக்கர். நான் சைட் ஆபீசில் டைம்கீப்பர். எல்லோருடைய பாஸ்போர்ட்டும் கம்பெனி அலமாரியில் பூட்டிக் கிடந்தது. உங்கள் அம்மா இறந்த செய்தி வந்தபோது, பாஸ்போர்ட்டைக் கேட்டு மூன்று நாள் மேனேஜர் அறை வாசலில் நின்றீர்கள். கிடைக்கவில்லை. நான்காம் நாள், "இனி போயி என்னத்தப் பாக்க, தம்பி" என்று டூட்டிக்குப் போய்விட்டீர்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெரிய நாட்டின் தூதரகத்திலிருந்து ஓர் அம்மாள் விசாரிக்க வந்தார். எந்த நாட்டில் மனிதர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று அவர்கள் வருஷாவருஷம் அறிக்கை போடுவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்து, கோயிலுக்கு வெளியே அவருடைய காரில் உட்கார்ந்து பேசினோம். நான் மொழிபெயர்த்தேன். எங்கள் நாடு கேள்வி கேட்டால் இந்த நாட்டு அரசாங்கம் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றார் அவர்.

"பேரு போட மாட்டாகளே?" என்று இரண்டு தடவை கேட்டீர்கள்.

"அதெல்லாம் போட மாட்டாங்கண்ணே. நான் இருக்கேன்லா" என்றேன், ஏதோ பெரிய மனுஷன் மாதிரி.

பெயரை நான் சொல்லவில்லைதான். ஆனால் கேம்ப்பில் நாம் யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம்? ஊரையும் வேலையையும் சேர்த்துச் சொன்னால்தான் ஆள் விளங்கும். அந்தப் பழக்கத்தில், இவர் இன்ன ஊர் ரிக்கர் என்று காரில் ஏறியதுமே அறிமுகப்படுத்திவிட்டேன். அந்த அம்மாள் அப்படியே எழுதிக்கொண்டார். அறிக்கையிலும் அப்படியே வந்தது. உங்கள் ஊரில் இருந்து வந்த ரிக்கர் நீங்கள் ஒருவர்தான் என்று மெஸ் சமையல்காரருக்குக்கூடத் தெரியும். அந்த ஊர்ப் பெயரை இங்கே எழுத இப்போதும் எனக்குக் கை வரவில்லை.

அந்த அறிக்கையின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, கூட இருந்து இங்கிலீஷில் சொன்னவன் யார் என்று மேனேஜர் ஆபீசில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நான் ரிஜிஸ்டரில் தலையைப் புதைத்துக்கொண்டேன். மத்தியானம் வெளியே போய் அந்த அம்மாளுக்குப் போன் போட்டேன். அதே வாரம் அவர்களுடைய மந்திரி வந்திருந்தார். துறைமுகம், விமானம் என்று ஒப்பந்தங்கள், பத்திரிகையெல்லாம் கைகுலுக்கும் படங்கள். "எங்கள் கவலையை உரிய இடத்தில் தெரிவித்திருக்கிறோம். இது கொஞ்சம் சிக்கலான நேரம்" என்றார் அந்த அம்மாள். குரலில் வருத்தம் இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பிறகு அந்த நம்பரை அவர் எடுக்கவே இல்லை.

ஏர்போர்ட்டுக்குப் போகிற வேனில் உங்களை ஏற்றியபோதுதான் உங்கள் பாஸ்போர்ட்டை உங்கள் கையில் முதல்முதலாகப் பார்த்தேன். விசா கேன்சல் ஆகியிருந்தது. கண்ணாடியை இறக்கி மெதுவாகச் சொன்னீர்கள்:

"என்கிட்டயும் கேட்டாக. அந்தம்மா கூட்டியாந்த ஆளுதான் இங்கிலீசுல பேசுனாருன்னு சொல்லிப்புட்டேன். நீ வாயத் தொறந்துறாத தம்பி. ஒனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைக."

தலையாட்டினேன். ஊரைச் சொன்னது நான்தான் என்று சொல்லவில்லை. அதன் பிறகு ஆறு வருஷம் அங்கேயே சம்பாதித்தேன். வெட்கமாக இருக்கிறது அண்ணே.

போன மாதம் உங்கள் மகன் போன் செய்து நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டதைச் சொன்னான். "அப்பா ஒங்கள அடிக்கடி சொல்லுவாக, சித்தப்பா" என்றான். அவனுக்கு தோஹாவில் வேலை கிடைத்திருக்கிறதாம், அதே ரிக்கர் வேலை. அங்கே யாராவது நல்லவர்கள் வந்து விசாரித்தால் பெயரோடு ஊரையும் மறைத்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று கேட்பானே என்ற பயம் வந்தது.

"உடம்பப் பாத்துக்கோ மக்களே" என்று மட்டும் சொல்லி, போனை வைத்துவிட்டேன்.