ஒன்று கேட்டால் ஒன்றேகால்

பிப்ரவரி 9

தம்பிக்கு,

பாப்பாவோடு வேலை பார்த்த பிள்ளை நீ, நன்றாக இருக்க வேண்டும். உன் கடிதத்தை நான் காஜா எடுக்கிற தையல் கடையில் வைத்து இரண்டு தடவை படித்தேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்.

நீங்கள் செய்த செயற்கைக்கோள் பெட்டி வானத்துக்குப் போய்விட்டது, ஆனால் ஒரு இடத்தைப் பார்த்து நிற்காமல் ஆடுகிறது, பாப்பா கடைசி வாரம் எடுத்த அளவெல்லாம் அவள் நோட்டில்தான் இருக்கிறது என்கிறாய். நோட்டு என்னிடம் இருக்கிறது. அனுப்ப மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

அதில் என்னைப் பற்றி எழுதியிருக்கிறாள். "அம்மா ரொம்பத் தள்ளுறா. ஒண்ணு கேட்டா ஒண்ணேகால் குடுக்கிறா. இனி மாத்த முடியாது, அனுசரிச்சுத்தான் போகணும்." நிஜம்தான். படி படி என்று தள்ளியவள் நான். சாப்பிட்டாயா என்று நாளைக்கு நாலு தடவை போன் பண்ணியவளும் நான். மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். முகத்துக்கு நேராக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இதை நாலு பேர் படிக்க வேண்டாம்.

பாப்பாவின் அம்மா

பிப்ரவரி 17

அக்காவின் அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்துவிட்டேன். பிறகு வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். மன்னியுங்கள்.

அந்த அம்மா நீங்கள் இல்லை. பெட்டியின் நாலு மூலையிலும் விரல் பருமனில் நாலு குழல்கள். மின்சாரம் பாய்ந்ததும் உள்ளே இருக்கும் வெள்ளைக் கட்டியில் ஒரு துளி ஆவியாகி, நீலப் பொறியாக வெளியே போகும். அந்த உதைப்பில் பெட்டி திரும்பும். கையில் ஈ உட்கார்ந்த பாரம்கூட அதில் இருக்காது. நம்பர் போட்டால் குழம்புகிறது என்று அம்மா, அப்பா, அத்தை, மாமா என்று அக்காதான் பேர் வைத்தார். "அத்தை இன்னிக்கு மூச்சே விடலை" என்பார்.

அம்மாக் குழல் கேட்டதைவிடக் கால் பங்கு கூடத் தள்ளுகிறது என்று இப்போதுதான் தெரிந்தது; நீங்கள் எழுதிய ஒன்றேகாலே பெரிய உதவி. மற்ற மூவரின் அளவும் வேண்டும். தெரியாமல் தள்ளித் தள்ளிப் பார்த்தால் கட்டி தீர்ந்துவிடும். அப்புறம் பெட்டி எதையும் பார்க்காமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

அக்காவின் தம்பி

பிப்ரவரி 24

தம்பி,

நோட்டு இதோடு வருகிறது. ஒரு தாள்கூட எடுக்கவில்லை.

உன் கடிதம் வந்த அன்று மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். கனவில் அந்தப் பெட்டி கடைக்குள்ளே, மெஷின்களுக்கு மேலே மிதந்தது. மூலையில் நீலமாக ஒரு பொட்டு மின்னும், பெட்டி கொஞ்சம் திரும்பும். சத்தமே இல்லை. கடைசியில் என் பக்கம் திரும்பி அசையாமல் நின்றது. மூச்சு விட்டால் நகர்ந்துவிடுமோ என்று நானும் அப்படியே நின்றேன்.

எழுந்து நோட்டை முதலிலிருந்து கூட்டிக் கூட்டிப் படித்தேன். மாமா சோம்பேறி, அத்தைக்கு ரோஷம் அதிகம் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறாள். தனியாக உட்கார்ந்து சிரித்தேன், அவள் போனபிறகு முதல் தடவையாக.

கடைசிக்கு முந்தின பக்கத்தில் அளவு எதுவும் இல்லை. ஒரே ஒரு வரி. "அம்மா இல்லேன்னா நேரா நிக்கவே முடியாது."

பெட்டி நின்றதும் எழுது. அந்த வரியில் இருப்பது எந்த அம்மா என்று மட்டும் எழுதாதே.

அம்மா