ஒருவர் மட்டும் உள்ளே

ஜூன் 10, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். மாடியில் போட்ட துணி காயவில்லை. பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டபாடில்லை. மருந்து கொடுத்தால் குறைகிறது, சாயங்காலம் திரும்பிவிடுகிறது. கால் வலிக்கிறதாம், நடக்க மாட்டாளாம். நாலரை வயதில் தூக்கச் சொல்லி அடம் என்று நினைத்தோம். முழங்காலுக்குக் கீழே நீலம் நீலமாகத் திட்டு. எங்கேயோ விழுந்திருப்பாள்.

டாக்டர் ரத்தம் பார்க்கச் சொன்னார். மஞ்சு கூட்டிப் போனாள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. மதியம் போன் செய்தாள். லேபில் இரண்டாம் தடவை ரத்தம் எடுத்தார்களாம். ஏன் என்று சொல்லவில்லையாம்.

வாங்க: தோசை மாவு, கீர்த்திக்கு கிராஃப் நோட்டு. காஸ் புக் பண்ண வேண்டும்.

ஜூன் 11, புதன்

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார். வழக்கமாக நிற்கவைத்தே பேசுகிறவர். வெள்ளை அணு மிக அதிகம், தட்டணு மிகக் குறைவு, பெங்களூருக்குப் போய்விடுங்கள் என்றார். ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு நாளைக்குப் போகிறோமே என்றேன்.

"இன்னிக்கே போங்க," என்றார்.

மூத்தவள் கீர்த்தியைப் பள்ளியிலிருந்து பாதியில் கூட்டிவந்து கீழ்வீட்டு ஓனரம்மாவிடம் விட்டோம். ஐந்தாம் வகுப்பு. வாய் ஓயாதவள், ஒன்றும் கேட்கவில்லை.

அத்திப்பள்ளி பார்டரில் டிராஃபிக். பாப்பா மடியில் படுத்து லாரி எண்ணிக்கொண்டே வந்தாள்.

ஜூன் 13, வெள்ளி

இடுப்பு எலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்தார்கள். ரத்தப் புற்றுநோய். குழந்தைகளுக்கு வருகிற வகை.

டாக்டரம்மாவுக்குக் கன்னடமும் இங்கிலீஷும். மஞ்சு ஓசூரிலேயே பிறந்தவள், கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. நான் விருதுநகர்க்காரன், இத்தனை வருடத்தில் பஸ் ஏறுகிற அளவுக்குத்தான் கன்னடம். டாக்டர் சொல்லச் சொல்ல மஞ்சு எனக்குத் தமிழில் சொன்னாள். யார் வீட்டுப் பிள்ளையைப் பற்றியோ சொல்வதுபோல, நிதானமாக.

"குணமாகும்ங்கறாங்க. நிறைய பிள்ளைங்களுக்கு ஆயிருக்காம். ரெண்டு வருஷத்துக்கு மேல வைத்தியம் இருக்குதாம். இந்த முதல் மாசம்தான் முக்கியமாம்."

பிறகு அவளாக டாக்டரிடம் ஏதோ கேட்டாள். கேள்வியை எனக்குச் சொல்லவில்லை. பதிலையும் சொல்லவில்லை.

எதனால் வந்தது என்று கேட்கச் சொன்னேன். சாப்பாட்டாலும் இல்லை, தண்ணீராலும் இல்லை, யார் செய்ததும் இல்லையாம்.

கேன்டீனில் எலுமிச்சை சாதம். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். அழுகை வரவில்லை. வரும் என்று காத்திருந்தேன்.

ஜூன் 16, திங்கள்

வார்டில் ஒருவர் மட்டும் உள்ளே. மஞ்சு அங்கே. கீர்த்தியும் நானும் ஓசூரில், மூக்கண்டப்பள்ளி வீட்டில். மழை இல்லை, காற்று மட்டும்.

வேலைக்குப் போனேன். மெஷின் முன்னால் நின்றால் கை தானாக ஓடுகிறது. அளவெல்லாம் சரி, ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் இல்லை. கேன்டீன் வரிசையில் எனக்குப் பின்னால் யாரோ: "அவரு வந்துட்டாரா? நானா இருந்தா வரமாட்டேன்." வராமல் எங்கே போவது? உள்ளேதான் விடமாட்டார்களே.

கீர்த்திக்கு ஜடை போடத் தெரியவில்லை. ஓனரம்மா போட்டுவிட்டார்.

ஜூன் 19, வியாழன்

பாப்பாவுக்கு ஈறில் ரத்தம் நிற்கவில்லை. தட்டணு கொடுக்க ஆள் வேண்டும் என்று மஞ்சு போன். ஷிஃப்ட் முடிகிற நேரம். என் லைனில் இருக்கும் முருகேசனிடம் சொன்னேன். தர்மபுரிப் பக்கத்து ஆள், அதிகம் பேசமாட்டான்.

"எத்தன பேருண்ணா வேணும்?" என்றான். அவ்வளவுதான்.

ஜூன் 20, வெள்ளி

முருகேசன் ஒரு வேன் பிடித்து ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு காலையிலேயே வாசலில். அதில் ஒருவர் ஒடிசாக்காரர் பிகாஷ், பேக்கிங் செக்‌ஷன். அவரோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆஸ்பத்திரியில் பரிசோதித்ததில் அவர்தான் சரியாக வந்தார். இரண்டு கையிலும் ஊசியோடு படுத்துக் கிடந்தார். ரத்தம் மெஷினுக்குள் போய்த் திரும்ப அவருக்கே வருவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுந்ததும் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்றார். விடமாட்டார்கள் என்றேன். போனில் படம் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார்.

"என் பொண்ணும் நாலு," என்றார்.

நன்றி என்றேன். கேட்டைத் திறந்துவிட்டவருக்குச் சொல்வதுபோல வந்தது என் குரல்.

ராத்திரி மஞ்சு: ரத்தம் நின்றுவிட்டதாம்.

ஜூன் 22, ஞாயிறு

முருகேசன் ஒரு பெட்டி மாம்பழம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். கிருஷ்ணகிரி மண்டியில் அவன் மாமா. வீடு முழுக்க வாசனை. கீர்த்தி தொடவில்லை. பாப்பாவுக்குக் கூடாதே, தனக்கும் வேண்டாமாம்.

தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றாள்.

"அப்பா, நான் ஊஞ்சல்ல இருந்து தள்ளிவிட்டேன் அவளை. அதுல பட்ட அடிதான் கால்ல நீலமா இருந்துச்சு. அதனால வந்துச்சா?"

புதன்கிழமையிலிருந்து, பள்ளியிலிருந்து கூட்டிவந்த அந்த நாளிலிருந்து, இதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். குழாயை மூடினேன். டாக்டரம்மா கன்னடத்தில் சொல்லி மஞ்சு தமிழில் சொன்னதை நான் இவளுக்குச் சொன்னேன். நோய் முதலில் வந்துவிட்டது, அதனால்தான் லேசாகப் பட்டாலே நீலமாகியது. யார் செய்ததும் இல்லை.

"டாக்டர் சொன்னாங்களா, நீங்களா சொல்றீங்களா?"

"டாக்டர் சொன்னாங்க."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

அம்மாதான் எனக்கே சொன்னாள் என்றேன். போய்ப் படுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினேன். 

ஜூன் 29, ஞாயிறு

மூக்கடைப்பு. எனக்குச் சளி, அதனால் வார்டு வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். நர்ஸ் பாவம், "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்டார், சாப்பிட்டாயிற்றா என்று. ஆயிற்று என்றேன். ஆகவில்லை.

வாசலில் நின்று வீடியோ கால். பாப்பாவின் முகம் உப்பியிருக்கிறது, ஸ்டீராய்டு. எந்நேரமும் பசியாம், விடியற்காலையில் பொடி இட்லி கேட்கிறாளாம். என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபம். அப்பா ஓசூரில் ஜாலியாக இருக்கிறாராம்.

ஜூலை 4, வெள்ளி

மஞ்சுவின் அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். அஞ்செட்டிப் பக்கம் ஒருவர் பச்சிலை கொடுக்கிறாராம், இந்த ஊசியை நிறுத்திவிட்டு அங்கே போகலாம் என்று என்னிடம் ஒரு மணி நேரம். பிஞ்சு உடம்பு தாங்குமா என்று கேட்டார். எனக்கும் ராத்திரியெல்லாம் அதே கேள்விதான். மஞ்சு வெளியே வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது.

"அண்ணா, இன்னிக்கு ஒரு நாள் நீ உள்ள உக்காரு. நான் குளிச்சிட்டு வர்றேன். அப்புறம் பேசலாம்."

உட்கார்ந்தார். சாயங்காலம் வெளியே வந்தவர் கையில் ஒரு கர்ச்சீப், அதில் பாப்பாவின் முடி. தலையணையில் கொட்டிக் கிடந்ததாம், தரையில் விடாமல் பொறுக்கியிருக்கிறார். பக்கத்துக் கட்டிலில் சிகிச்சை முடிகிற கட்டத்தில் ஒரு பையன் இருக்கிறான், முடியெல்லாம் வளர்ந்து, கிரிக்கெட் பற்றிப் பேசினானாம். பச்சிலை பற்றி அதற்குப் பிறகு பேச்சில்லை. நாளைக்குச் சாப்பாடு நான் கொண்டுவருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலை 9, புதன்

பாப்பாவுக்கு மொட்டை. மஞ்சு படம் அனுப்பினாள். கீர்த்தி பார்த்துவிட்டு, காது பெரிசா தெரியுது என்றாள்.

மாம்பழம் அழுகிவிட்டது. பெட்டியோடு தூக்கிப் போட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

நேற்று மறுபடி மஜ்ஜை எடுத்தார்கள். இன்று டாக்டரம்மா சொன்னதை மஞ்சு சொல்லவில்லை, வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டரே உடைந்த தமிழில், மெதுவாக எனக்குச் சொன்னார்.

"இப்போ நோய் கண்ணுக்கு தெரியல. நல்லது. ஆனா வைத்தியம் முடியல. மருந்து இன்னும் நிறைய."

தலையாட்டினேன். மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னார். நாளைக்கு வீட்டுக்கு, திங்கட்கிழமை அடுத்த ஊசிக்கு வர வேண்டும். மஞ்சு அழுதாள். எனக்கு ஒன்றுமே இல்லை. பில்டிங்குக்கு வெளியே வந்து எந்தப் பக்கம் போவது என்று நின்றேன்.

ஜூலை 16, புதன்

வெயில். வீட்டை டெட்டால் போட்டுத் துடைத்தேன். மதியத்துக்குள் வந்துவிட்டார்கள். மாஸ்க்கோடு படியேற மாட்டேன் என்று பாப்பா மஞ்சுவிடம் அடம், தூக்கினேன். உப்பியிருந்தாலும் கனம் இல்லை. என்னோடு இன்னும் பேச்சு இல்லை.

கீர்த்தி முதலில் தள்ளியே உட்கார்ந்திருந்தாள், தொட்டால் உடைந்துவிடும் என்பதுபோல. கேட்டதையெல்லாம் கொடுத்தாள். நாற்காலி, போர்வை, தன் கலர் பென்சில் டப்பா. சாயங்காலம் டிவியில் கீர்த்தி பார்த்துக்கொண்டிருந்ததைப் பாப்பா மாற்ற, ரிமோட்டைக் கீர்த்தி பிடுங்க, பாப்பா கத்த, கீர்த்தி பதிலுக்குக் கத்த, மஞ்சு அடுப்படியிலிருந்து இரண்டு பேரையும் திட்ட, பெரிய ரகளை. கீழிருந்து ஓனரம்மா பதறிப்போய் ஏறி வந்துவிட்டார். என்னாச்சு, பாப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்க. பிள்ளைங்க சண்டை," என்றேன்.

அவர் இறங்கிப் போனார். நான் உள்ளே போகவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே பாப்பா கத்துகிறாள், "அப்பா, அக்காவப் பாருங்கப்பா."