ஊசியும் சாவியும்

2025 ஜூன் 9

குன்னூரில் டாக்டர் ராஜப்ரியா என் ரிப்போர்ட்டை இரண்டு தடவை பார்த்தார். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 11.3.

"மூணு வகை மாத்திரையும் முழு அளவுக்குப் போயாச்சு, வசந்த்குமார். இனிமே இன்சுலின்தான். இந்த வாரமே ஆரம்பிச்சிடலாம்."

ஒரு மாதம் டைம் கேட்டேன். காரணத்தைச் சொல்லவில்லை. ஊசி போட்டுக்கொள்கிறவனிடம் எந்தப் பள்ளிக்கூடம் வேன் சாவியைக் கொடுக்கும்? பத்தொன்பது வருடமாகப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன். வேறு என்ன தெரியும் எனக்கு?

வீட்டில் காயத்ரியிடம், "கொஞ்சம் கூட இருக்குதாம், நடக்கச் சொன்னாங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஜூன் 10

ஐந்தரைக்கே எழுந்து ஜெகதளா ரோட்டில் நடை. திரும்பி வந்து சர்க்கரை இல்லாத காபி. குடிக்க முடியவில்லை, குடித்தேன்.

ஜூன் 24

லாரி ஓட்டும் ஆறுக்குட்டியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். கோயம்புத்தூரிலிருந்து ஏதோ பொடி வாங்கி வந்திருக்கிறான். "ஊசி மட்டும் வேண்டாம் மாப்ள. ஒருக்கா ஆரம்பிச்சா அப்புறம் உடவே முடியாது." மாத்திரையோடு பொடியும் ஆரம்பம். வேப்பிலையே தேவலை.

ஜூலை 5

வெறும் வயிற்றில் 268.

ஜூலை 9

எழுத்து கோணலாகத்தான் வருகிறது. வரட்டும்.

சாயங்காலம் லவ்டேல் தாண்டி இரண்டாவது வளைவு. வேனில் பதினேழு பிள்ளைகள். ரோட்டின் நடுவே காட்டெருமை. நான் பார்த்தபோது பத்தடி தூரம்கூட இல்லை. பிரேக்கின் மேலேயே ஏறி நின்றேன். பிள்ளைகள் முன்சீட்டில் மோதினார்கள். ஒரு சின்னப் பெண்ணுக்கு உதடு கிழிந்து ரத்தம். காட்டெருமை எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சரிவில் இறங்கிப் போய்விட்டது.

"பனிம்மா, ஒண்ணும் தெரியல" என்றேன், வேனில் கூட வரும் ஆயா சுகுணாவிடம்.

அவள் பிள்ளையின் உதட்டைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "பனியே இல்லீங்களேண்ணா. திரும்பினப்பவே எனக்கு எருமை தெரிஞ்சுதுங்களே."

பனியே இல்லையா? ஒரு வாரமாக நான் வேன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டினேனே — மங்கியது என் கண்ணா?

வேலை போயிரும், வேலை போயிரும்னு பயந்தியேடா. பதினேழு உசுரு போயிருந்தா? யார் வீட்டு வாசல்ல போய் நின்னிருப்பே?

ஜூலை 10

காயத்ரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "ஏனுங்க, ஒரு மாசமா இதைத் தனியாவே வெச்சுட்டு இருந்தீங்களா?" என்று அழுதாள். பிறகு கோபம். அது நன்றாகவே வந்தது. "வேனு மட்டுமில்லீங்க, இனி ஸ்கூட்டரைக்கூடத் தொடக்கூடாது. நாளைக்கே ஸ்கூல்ல சொல்லோணும். நானும் வாரேன்."

தனியாகவே போகிறேன் என்றேன்.

ஜூலை 11

பிரின்சிபல் ஜெஸிந்தா மேடம் முழுதும் கேட்டார். "சாவியைக் குடுங்க" என்று கையை நீட்டினார். கொடுத்தேன்.

"முன்னாடியே சொல்லியிருக்கணும். அதை என்னால மறக்க முடியாது." சாவியை மேஜைக்குள் வைத்துவிட்டு, "நீங்களா வந்து சொன்னதையும் மறக்க மாட்டேன்" என்றார். திங்கள் முதல் ஷெட்டில் வண்டிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உதடு கிழிந்த பிள்ளையின் வீட்டுக்கும் போனேன். அவள் அப்பா என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டார். நியாயம்தான்.

ஜூலை 12

காயத்ரியோடு போய் டாக்டரிடம் நேராகவே கேட்டேன்: இது கடைசிக் கட்டமா?

"யார் சொன்னது? ரெண்டு வருசம் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும். சர்க்கரை இறங்கினாக் கண்ணு தெளியும். முதல் சில வாரம் மாறி மாறித்தான் தெரியும், அதுக்குள்ள மூக்குக்கண்ணாடி எதுவும் வாங்கிடாதீங்க. கண் டாக்டரைப் பாருங்க. நான் சொல்ற வரைக்கும் வண்டி வேண்டாம்."

பொடியை நிறுத்தச் சொன்னார். தினம் காலையில் பத்து யூனிட். நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி வயிற்றுச் சதையைப் பிடித்து, கண்ணை மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு குத்தினேன். "போயிருச்சா?" என்றேன். "நர்ஸ் ஊசியை எடுத்தே ஆச்சுங்க" என்றாள் காயத்ரி. டாக்டர் சிரித்துவிட்டார். இதற்கா ஒரு மாதம்!

ஆகஸ்ட் 6

ஷெட்டில் டயர் கழற்றும்போது கை நடுங்கியது, குளிரிலும் வேர்த்துக் கொட்டியது. பார்த்தால் 61. ஊசி போட்டுக்கொண்டு இட்லியைத் தள்ளிப்போட்டதன் பலன். சுகுணா ஓடிப்போய்ச் சர்க்கரை அள்ளிப்போட்டு டீ கொண்டுவந்தாள். கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது. டாக்டர் போனிலேயே திட்டிவிட்டு இரண்டு யூனிட் குறைத்தார்.

ஸ்டியரிங்கில் இருந்தபோது இது வந்திருந்தால்? மேடம் சாவியை வாங்கியது சரி. இன்றைக்குத்தான் மனதாரச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 24

மாடிப்படி ஏறி முடித்த பிறகுதான் தோன்றியது, நடுவில் மூச்சு வாங்க நிற்கவே இல்லை.

அக்டோபர் 13

சராசரி 7.5! கண் டாக்டரும் பார்வை நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இனி ஓட்டலாம். ஸ்டியரிங்கில் உட்காரும் முன் ஒவ்வொரு தடவையும் சர்க்கரை பார்க்க வேண்டும், பாக்கெட்டில் குளுக்கோஸ் இருக்க வேண்டும்.

மேடம் கேட்டார், "வேனுக்குத் திரும்பி வர்றீங்களா?"

நேற்றே யோசித்து வைத்திருந்தேன். "பிள்ளைங்க வண்டி வேண்டாமுங்க மேடம். காய்கறி எடுத்து வர்ற ஜீப்பைக் குடுங்க. மீதி நேரம் ஷெட்டைப் பார்த்துக்கறேன்." சரி என்றார்.

வருத்தம் இல்லையா? இருக்கிறது. சாயங்காலம் வேன் கிளம்பும்போது பிள்ளைகள் ஜன்னலில் கை ஆட்டுகிறார்கள். நானும் கிரீஸ் கையைத் தூக்கி ஆட்டுகிறேன்.

நவம்பர் 16

மேட்டுப்பாளையத்தில் கல்யாணம். ஆறுக்குட்டியின் காரை வாங்கிக்கொண்டு நானும் காயத்ரியும் போய் வந்தோம். மதியப் பந்தியில் பாயசத்தை ஒரு வாய் மட்டும் வாங்கிக்கொண்டேன். மலை ஏறும் முன் கல்லாறில் ஓரமாக நிறுத்திச் சர்க்கரை பார்த்தேன்: 138.

முதல் நாலைந்து வளைவுக்குக் காயத்ரி சீட்டின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தாள். "லாரி வருதுங்க", "பார்த்துங்க" என்று வாய் ஓயவில்லை. பிறகு கல்யாண வீட்டுச் சேலைகளைப் பற்றிப் பேச்சு. பர்லியாறு தாண்டியதும் பேச்சு பாதியில் நின்றது. ஓரக்கண்ணால் பார்த்தேன். தலையைச் சாய்த்துத் தூங்கிப் போயிருந்தாள்.

குன்னூர் வரும்வரை ஹாரன்கூட அதிகம் அடிக்கவில்லை.