அடுத்த ரஜபில் பிரிக்கவும்

என் பிரியத்துக்குரிய அத்தாவுக்கு,

உங்கள் மீது ஸலாம் உண்டாகட்டும். ஜாபர் அண்ணன் வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் உங்களை அடக்கிய கபரடிக்கு வந்து நேரிலேயே ஸலாம் சொல்லிவிட்டுப் போகிறான். நம் பக்கத்தில் பெண்கள் அங்கே வருவதில்லை. எனக்கு வாய்த்தது இந்தக் காகிதம்தான். நீங்களும் வாயால் பேசியதைவிடக் காகிதத்தில் பேசியதுதானே அதிகம், அதனால் குறைப்பட்டுக்கொள்ள மாட்டீர்கள்.

முதலில் வீட்டுச் சேதி. அண்ணனின் பவர்டேபிள் தையல் யூனிட்டில் இப்போது எட்டு தையல் மெஷின் ஓடுகிறது. நான் அதே எக்ஸ்போர்ட் கம்பெனியில்தான் இருக்கிறேன், அதே வெளிநாட்டு பையர்களுக்கு அதே மன்னிப்பு மெயில்களை அடித்துக்கொண்டு. முதலிபாளையம் பனியன் கம்பெனியில் நீங்கள் கட்டிங் மாஸ்டராக நின்ற இடத்தில் தானாக வெட்டுகிற மெஷின் ஒன்றை இறக்கிவிட்டார்கள். ஆனால் அதற்குக் கொடுக்கிற துணியையும் ஒரு நாள் பிரித்துப் போட்டு வைத்துவிட்டுத்தான் கொடுக்கிறார்களாம். அதைக் கேட்டதும் உங்களிடம் ஓடி வந்து சொல்ல வேண்டும்போல் இருந்தது.

நீங்கள் சொல்லிக் கொடுத்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பின்னிய துணி ரோலில் இறுகச் சுற்றிக்கொண்டு வரும். வந்த கையோடு வெட்டினால் அளவு பொய்யாகிவிடும். தைத்த பிறகு பனியன் சுருங்கும், முறுக்கிக்கொள்ளும். பிரித்து, விரித்து, ஒரு நாள் ஆற விட்டால் இழுப்பெல்லாம் போய், துணி தன் உண்மையான அளவுக்கு வந்து நிற்கும். "துணிக்கு ஒரு நாளுன்னா எழுத்துக்கு ஒரு வருசம் கண்ணு" என்பீர்கள் நீங்கள்.

அதைச் சொன்னதோடு விட்டீர்களா? எழுதியதை எல்லாம் ஒரு பழைய அட்டைப் பெட்டியில் போட்டு, பிரிக்க வேண்டிய அரபு மாதத்தைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கட்டி வைப்பீர்கள். வருடம் திரும்பியதும் வேறு யாரோ எழுதியதைப் படிப்பதுபோல் உட்கார்ந்து படிப்பீர்கள். தேறிய தாளில், துணியில் அளவு போடுகிற நீலச் சாக்பீஸால் ஒரு டிக். தேறாததைக் கிழித்துக் குப்பையில் போடும்போது உங்கள் முகத்தில் வருத்தத்தை நான் பார்த்ததே இல்லை. எட்டாவதோடு படிப்பை விட்ட ஒரு மனிதருக்கு இந்தப் பொறுமையை யார் கொடுத்தார்கள் என்று இப்போது யோசித்தால் மலைப்பாக இருக்கிறது.

அப்படித் தேறி வந்தவை நாலே புத்தகங்கள். நாலும் சட்டைப் பைக்குள் அடங்குகிற அளவு. மார்க்கத்தைப் பற்றி எழுதினாலும் கழுத்துப் பட்டியும் கைமடிப்பும் வராத பக்கம் ஒன்றாவது உண்டா என்று நான் கேலி செய்திருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்த உலகத்தை வைத்துத்தான் உங்கள் இறைவனைப் பற்றிப் பேசினீர்கள், அதனால்தான் பனியன் கம்பெனிக்காரர்களுக்கு அது புரிந்தது. துஆவைப் பற்றி, அதாவது இறைவனிடம் கேட்பதைப் பற்றி, நீங்கள் எழுதிய 'கை ஏந்தும் நேரம்' தான் எல்லாவற்றிலும் தூரம் போனது. டிபன் பாக்ஸோடு அதையும் பையில் வைத்துக்கொண்டு வந்தவர்களில் தொழுகிறவர்களும் உண்டு, கோயிலுக்குப் போகிறவர்களும் உண்டு.

அம்மா இரண்டு வருடம் டயாலிசிஸில் கிடந்தபோது, அந்தப் புத்தகத்தை எழுதியவர் எப்படிக் கேட்பார் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கேட்டீர்கள். ஆஸ்பத்திரி வராண்டாவில் கேட்டீர்கள். அம்மா போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பேச்சு கிளம்பியது. பள்ளிவாசலில் தொழுகை முடிந்து எல்லோரும் கை ஏந்துகிற நேரத்தில் நீங்கள் எழுந்து வெளியே வந்துவிடுகிறீர்கள் என்று அண்ணன் வந்து சொன்னான். அவனிடமே கேட்டார்களாம், "என்னங்க ஜாபர், மாஸ்டர் துஆவுக்கே இருக்கறதில்லீங்களே" என்று. நான் ஒரே ஒரு தடவை உங்களிடம் கேட்டேன்.

"முட்டி வலிக்குது கண்ணு, ரொம்ப நேரம் உக்கார முடியறதில்லை" என்றீர்கள்.

முட்டிவலி என்று நீங்கள் ஒரு நாளும் படுத்ததில்லை. நாள் முழுக்க டேபிளைச் சுற்றி நடக்கிற ஆள். நீங்கள் என்னிடம் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று நினைக்கிறேன், அதையும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. கேட்பதையே நீங்கள் விட்டுவிட்டீர்களோ? கை ஏந்த உங்களிடம்தான் கற்றேன். கற்றுக் கொடுத்தவரே கையை இறக்கிவிட்டால் நான் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது? மறுபடி கேட்கத் தைரியம் வரவில்லை. பிறகு கேட்க நீங்களும் இல்லை.

நீங்கள் போன பிறகு பெட்டியைத் திறந்தோம். ஒரே ஒரு கட்டு. மேலே உங்கள் கையெழுத்தில் சீட்டு: 'அடுத்த ரஜபில் பிரிக்கவும்.' அண்ணன் அப்போதே பிரிக்கலாம் என்றான். நான்தான் ஒப்புக்கொள்ளவில்லை. உங்கள் முறைப்படி ஆறட்டும் என்று சொன்னேன். உண்மையைச் சொல்கிறேன் அத்தா, மரியாதை பாதி, பயம் பாதி.

போன மாதம் ரஜப் பிறை பார்த்தார்கள். அன்று மதியம் அண்ணன் வந்தான், இருவருமாக உட்கார்ந்து கட்டைப் பிரித்தோம். துணிமேல் விரித்து வெட்டி முடித்த, அளவு வரைந்த மார்க்கர் பேப்பரின் பின்பக்கத்தில் எழுதிய பதினோரு தாள். நான் சத்தமாகப் படித்தேன். இரண்டாவது தாளில் இப்படி இருந்தது:

"'கை ஏந்தும் நேர'த்தை எழுதியவனாக இல்லாமல் வாசகனாக இன்று படித்தேன். எப்படிக் கேட்பது என்று எழுதியிருக்கிறேன். கேட்டது கிடைக்காதபோது எப்படி இருப்பது என்று அதில் ஒரு வரி இல்லை. முன்பக்கத்தை மட்டும் தைத்துவிட்டுச் சட்டை என்று கொடுத்திருக்கிறேன். பள்ளிவாசலில் எனக்கு இரண்டு பக்கமும் கை ஏந்துகிறவர்களில் பல பேர் அதைப் படித்தவர்கள். அவர்கள் நடுவில் கையைத் தூக்கக் கூச்சமாக இருக்கிறது. எழுந்து வந்துவிடுகிறேன்."

நான் நிறுத்திவிட்டேன். அண்ணன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அடுத்த தாள்:

"சாப்பாட்டு நேரத்தில் கட்டிங் ஹாலில் ஆள் இருக்காது. டேபிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கை ஏந்துகிறேன். கேட்க ஒன்றும் வரவில்லை. கேட்டதெல்லாம் அவளுக்காக, அவள் போய்விட்டாள். வெறுங்கையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து, முகத்தில் தடவிக்கொண்டு எழுந்தேன். மறுநாளும் போய் உட்கார்ந்தேன். மாதக்கணக்கில் உட்காருகிறேன். கொடுப்பான் என்பதற்காக மட்டுமா இத்தனை காலம் அவன் முன்னால் உட்கார்ந்தாய் என்று அந்த வெறுங்கை என்னைக் கேட்கிறது. இல்லை என்று சொல்ல எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது."

அத்தா, இதை எழுதியவரா எனக்குப் பக்கத்து அறையில் குறட்டை விட்டுத் தூங்கியவர்? நான் சமைத்த ரசத்தில் உப்பு கம்மி என்று சொல்லத் தயங்கியவர்? ஊரே பையில் வைத்துக்கொண்டு திரிந்த புத்தகத்தை எழுதியவர், அது பாதிதான் என்று தானே எழுதி வைக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்? நீங்கள் கையை இறக்கவே இல்லை. நாங்கள் பார்க்காத இடத்தில் ஏந்திக்கொண்டிருந்திருக்கிறீர்கள். நான் அழுதது துக்கத்தில் இல்லை. இவ்வளவு பெரிய ஒருவர் வீட்டில் இருந்ததுகூடத் தெரியாமல் வளைய வந்திருக்கிறோமே என்றுதான்.

பதினோராவது தாள் பாதியில் நிற்கிறது. 'மீதியைப் பிரிக்கிற அன்றைக்கு எழுத வேண்டும்' என்ற வரியோடு. கீழே வெறும் காகிதம்.

'கை ஏந்தும் நேர'த்தை மறுபடி அச்சிடக் கேட்டு ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். இந்தத் தாள்களை அதன் இரண்டாம் பகுதியாகச் சேர்க்க வேண்டும் என்றேன். அண்ணன் தலையாட்டவில்லை.

"துஆவைப் பத்தி எழுதின மனுசன் துஆ கேக்க முடியலைன்னு எழுதியிருக்காருன்னு பேசுவாங்க பாப்பா. அத்தா பேரு கெட்டுப் போகும். அதுவும் போக, படிச்சுத் தேறினாத்தான் அத்தா வெளிய உடுவாங்க. இதைய அவங்க மறுபடி படிக்கவே இல்லை. படிச்சிருந்தா கிழிச்சுப் போட்டிருப்பாங்களோ என்னமோ. டிக் போடாததைய நாம எப்படி அச்சுக்குக் குடுக்கறது?"

முதல் பேச்சுக்கு என்னிடம் பதில் இருந்தது. இரண்டாவதற்கு இல்லை. அது உங்கள் சட்டம்தானே.

நாலாவது தாளில் செல்வி அக்காவின் பேர் இருக்கிறது. உங்கள் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் இருந்தவர், பொங்கலூர்க்காரர். புருஷன் தென்னை மரத்திலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உங்கள் புத்தகத்தை வாங்கிப் போனார். புருஷன் பிழைக்கவில்லை. புத்தகத்தை பிளாஸ்டிக் கவரில் பத்திரமாகச் சுற்றிக் கொண்டுவந்து உங்களிடமே திருப்பிக் கொடுத்தார். 'செல்வி திருப்பிக் கொடுத்த அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும், எனக்கு வந்தபோதுதான் விளங்கியது' என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாள்களை எடுத்துக்கொண்டு பொங்கலூருக்கு பஸ் ஏறினேன்.

செல்வி அக்கா வாசலில் சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளைக் கிள்ளிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் எழுந்து கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். "மாஸ்டர் மகளுங்களா? வாங்க கண்ணு, வாங்க."

நான் படித்தேன். முடித்ததும், "மறுக்கா படிங்க கண்ணு" என்றார். படித்தேன்.

"'புஸ்தகத்துல போட்டிருக்கறாப்லதானுங்க மாஸ்டர் கேட்டேன்'னு சொல்லித்தான் அன்னைக்குத் திருப்பிக் குடுத்தேன். மாஸ்டர் மூஞ்சியே சரியில்லீங்க. நான் தப்பாப் பேசிட்டனாட்ட இருக்குதுன்னு பஸ்ஸெல்லாம் அழுதுட்டே வந்தேன்." வெங்காயத்தை முறத்தில் தள்ளி வைத்தார். "அப்பறம் நான் சாமி கும்புடறதையே உட்டுட்டேனுங்க கண்ணு. ஒண்ணுங் கேக்காம சும்மா போயி உக்காரலாமுன்னு எனக்கு யாருஞ் சொல்லலீங்களே."

கிளம்பும்போது கேட்டார், "ரெண்டையுஞ் சேத்துப் போடறதா இருந்தா எனக்கொண்ணு குடுங்க. இந்தவாட்டி திருப்பிக் குடுக்க மாட்டேனுங்க."

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் அண்ணனுக்கான பதில் எனக்குக் கிடைத்தது. இவ்வளவு நேரம் எப்படித் தோன்றாமல் போனது என்று என் மேலேயே கோபமாக வந்தது. நேராக அவன் பவர்டேபிளுக்கே போனேன்.

"அண்ணா, ரோலைப் பிரிச்சு விரிச்சவரேதான் அதைய வெட்டணும்னு கட்டிங்கில எங்காச்சும் இருக்குதா? ஒரு ஷிஃப்ட் விரிச்சுப் போட்டா அடுத்த ஷிஃப்ட் வெட்டறதில்லையா? அத்தா விரிச்சுப் போட்டுட்டுப் போயிட்டாங்க. ஒரு வருசம் ஆறிடுச்சு. இப்ப நம்ம ஷிஃப்ட்."

மெஷின் சத்தத்தில் அவனுக்குக் கேட்டதோ இல்லையோ என்றிருந்தது. செல்வி அக்கா சொன்னதையும் சொன்னேன். அவன் எழுந்து வீட்டுக்குக் கூட வந்தான். அட்டைப் பெட்டிக்குள் கைவிட்டு, ஒரு மூலையில் கிடந்த உங்கள் நீலச் சாக்பீஸை எடுத்தான். விரல் நகம் அளவுக்குத் தேய்ந்திருந்தது. பதினோரு தாளையும் என் மடியிலிருந்து எடுத்து, இந்த முறை அவனே தனக்குள் முதலிலிருந்து படித்தான். படித்து முடித்ததும் சாக்பீஸை என்னிடம் நீட்டினான்.

"நீயே போடு பாப்பா. நம்ம ஷிஃப்ட்டுன்னு சொன்னது நீதான."

சாக்பீஸை வாங்கினேன். போட்டேன், பதினோரு டிக். உங்கள் டிக் மாதிரி நேராக இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அங்கேயே உட்கார்ந்து கை ஏந்தினோம். நீங்கள் போன நாளிலிருந்து என்னால் அது முடியாமல் இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

புத்தகம் இப்போது அச்சகத்தில் இருக்கிறது. இரண்டு பகுதியும் ஒரே அட்டைக்குள். கடைசிப் பக்கத்தில் நீங்கள் விட்டுப் போன வெற்றிடத்தை என்ன செய்வது என்று அச்சகத்தில் கேட்டார்கள். ஒரு பூப்படம் போட்டு நிரப்பட்டுமா என்றார்கள். அப்படியே வெறுமையாக விடுங்கள் என்று சொல்லிவிட்டோம். முதல் பிரதியை நானே பொங்கலூருக்குக் கொண்டுபோவேன்.

உங்கள் மீதியை எழுதி முடிக்க என்னால் ஆகாது, அத்தா. அந்த அளவுக்கு எனக்கு ஞானம் கிடையாது. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். கேட்க ஏதாவது இருக்கிற நாளில் கேட்பேன். உங்களுக்காகவும் அம்மாவுக்காகவும் எல்லா நாளும் கேட்பேன். ஒன்றுமே வாயில் வராத நாளிலும் போய் உட்கார்ந்து, வெறுங்கையை ஏந்திவிட்டுத்தான் எழுவேன்.

இப்படிக்கு,
அடுத்த ஷிஃப்டில் நிற்கிற உங்கள் மகள்,
மும்தாஜ்