மூன்று தண்ணீர்

என்னைப் பெற்ற அம்மாவுக்கு,

உன் பேத்திக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். நேற்று விட்டது. விட்ட கையோடு மார்பிலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாய்ப் பொரிந்துவிட்டது. தம்பிக்கு ஒரு வயதில் வந்ததும் இப்படியேதான்.

மல்லேஸ்வரம் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் ஒரு சிவப்பைக் கட்டைவிரலால் அழுத்தினார், வெளுத்தது. "ஜுரம் விட்டப்புறம்தானே வந்துச்சு? நீரும் கோத்துக்கல பாருங்க. அம்மை இல்லம்மா. சின்னப் புள்ளைங்களுக்கு வர்றதுதான், தானாப் போயிடும்" என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். "நல்ல சேதிதானே சொன்னேன்?" என்று பாவம், அவர் விழித்தார். அவருக்கு எங்கே தெரியும்?

அம்மா, தம்பிக்கு வந்ததும் அம்மை இல்லை.

அல்சூர் வீட்டில் நீ நெஞ்சுச் சளியோடு மூச்சு வாங்கிக் கிடந்தாய். தினமும் நர்சம்மா வந்து ஊசி போட்டாள். நீ தேறிக்கொண்டும் வந்தாய். தம்பி உடம்பில் சிவப்பைக் கண்டதும் அத்தை வாசலில் வேப்பிலை செருகினாள். "ஆத்தா வந்திருக்கு. எறங்கி, தலைக்கு மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் இந்த வூட்டுல ஊசியும் கிடையாது, மருந்தும் கிடையாது" என்றாள். அப்பாவும் அதற்குத் தலையாட்டினார். முதல் தண்ணீர் ஊற்றும்போதே தம்பி உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை. ஆனாலும் நாள் விட்டு நாள் ஊற்ற இன்னும் இரண்டு தண்ணீர் பாக்கி இருந்ததே! மூன்றாவது தண்ணீருக்கு நீ இல்லை.

அத்தையைத் திட்டித் தீர்க்க வேண்டும் போலிருக்கிறது. அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

தம்பி இப்போது மில்லில் வேலை பார்க்கிறான். தன் அம்மைதான் உன்னைக் கொண்டுபோனது என்று இன்னமும் நம்புகிறான். குழந்தைக்குப் பொரிந்தது கேட்டு ஓடி வந்தவன் வாசலைத் தாண்டவில்லை. "நான் உள்ள வரலக்கா. என் ராசி உனக்குத் தெரியாதா?" என்றான். வாழ வேண்டிய பிள்ளை பேசுகிற பேச்சா இது?

நாளை அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்து சொல்லப்போகிறேன். வந்தது அம்மையே இல்லையடா, உன்னால் ஒன்றும் ஆகவில்லையடா என்று.

ஒன்றை மட்டும் சொல்ல மாட்டேன். அத்தை கோயிலுக்குப் போன நேரத்தில் நர்சம்மா பின்வாசல் வழியே வந்தாள். ஊசியில் மருந்தை ஏற்றியும்விட்டாள். நீதான் கையை இழுத்துக்கொண்டாய். "வேணாம் நர்சம்மா. புள்ளைக்கு ஆவாது." பக்கத்தில் நின்ற நான் மட்டும்தான் கேட்டேன்.

தம்பி கன்னடப் பள்ளியில் படித்தவன். இந்தக் கடிதம் கையில் கிடைத்தாலும் அவனுக்குப் படிக்க வராது. என் உயிர் உள்ளவரை என் வாயாலும் அவன் அதைக் கேட்கமாட்டான் அம்மா.

உன் மூத்தவள்