படியேறக் கையெழுத்து

பிரன்சுவிக், ஜார்ஜியா
மார்ச் 3

அன்புள்ள ரோவெனா அக்கா,

ஃபோனை எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் இந்தக் கடிதம். மாலையில், நான் வீட்டில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளைக் கூட்டிப் போகத் தாய்மார்கள் நிற்கும்போது ஷெரீஃப் அலுவலக ஆள் வந்து, "டெல்லா மேபின் நீங்கதானே? உங்க மேல கேஸ் போட்டிருக்காங்க" என்று உரக்கச் சொல்லிக் காகிதத்தை நீட்டினார். இடுப்பில் என் மகள். பிரித்தால், வழக்குப் போட்டவள் நீ! போன ஜூலை நாலாம் தேதி, இறால் விருந்துக்கு வந்து என் வாசற்படியில் வழுக்கி விழுந்தாயே, அதற்கு!

அன்றிரவு மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தது யார்? ஆறு வாரம் உனக்குத் தலை வாரிவிட்டது யார்? முன்னால் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

"சொந்த அக்காவேவா?" என்றாள், பிள்ளையைக் கூட்டிப் போக வந்திருந்த நர்ஸ் ஷனீஸ்.

டெல்லா

மேக்கன்
மார்ச் 9

செல்ல டெல்லா,

உன்னோடு பேசக் கூடாதென்று வக்கீல் சொல்லிவிட்டார். நான் இதை எழுதுவது அவருக்குத் தெரியாது.

உன் மேல் எனக்கென்னடி கோபம்? வலது மணிக்கட்டில் தகடு வைத்தார்கள். ஐந்து மாதம் கத்தரிக்கோல் பிடிக்கவில்லை, சலூனில் சம்பளமில்லை. வக்கீல் சொன்னது இதுதான்: "தங்கச்சி பேர்ல போட்டாத்தாம்மா அவங்க வீட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனி காசு தரும். வெறும் பேப்பர்தான். அவங்க கையில இருந்து ஒரு சென்ட் போகாது." நீ வருஷக்கணக்காகக் கட்டிய கம்பெனிதானே, கொடுக்கட்டுமே!

பாப்பாவின் ஞானஸ்நானத் தொப்பியை இடது கையால் பின்னிக்கொண்டிருக்கிறேன். ஞானத்தாய் நான்தான், மறந்துவிடாதே.

உன் ரோவெனா

பிரன்சுவிக்
செப்டம்பர் 14

அக்கா,

வெறும் பேப்பர் என்றாயே, கேள்.

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கம்பெனி உன் வக்கீலோடு பேசி முடித்தது. அடுத்த மாதமே என் காப்பீட்டைப் புதுப்பிக்க மறுத்தது. காப்பீடு இல்லாவிட்டால் வங்கி வீட்டுக் கடனைத் திருப்பிக் கேட்கும். புதுக் கம்பெனியைத் தேடினேன். "வீட்ல குழந்தைங்களப் பாத்துக்கிறீங்களா? அப்போ முடியாதும்மா" என்றார்கள். பிள்ளைகளை விட்டால்தான் தருவார்களாம், அதுவும் இரண்டரை மடங்கு விலையில்.

விட்டுவிட்டேன். ஆறு தொட்டில்களையும் கராஜில் அடுக்கிவிட்டேன். ஷனீஸ் பிள்ளையை விட இடமில்லாமல் இரவு வேலைக்கு மாறினாள். என் கணவர் ஞாயிற்றுக்கிழமையும் படகுத் துறைக்குப் போகிறார். வழக்கில் யாரும் தோற்கவில்லை என்கிறார்கள். பிறகு ஏன் இத்தனை வீட்டில் இடி?

உன் கைக்கு எவ்வளவு வந்தது? ஒளிக்காமல் சொல்.

டெல்லா

மேக்கன்
செப்டம்பர் 22

டெல்லா,

முப்பத்தெட்டாயிரம் டாலருக்கு முடித்தார்கள். நூற்றுக்கு நாற்பது வக்கீலுக்கு. அவர் ஃபைல், தபால், டாக்டர் சாட்சி என்று தனிச் செலவு. என் மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனி, அறுவைக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டு எடுத்துக்கொண்டது. எனக்கு மூவாயிரத்துத் தொள்ளாயிரம். வக்கீலின் சிரித்த முகம் மட்டும் இன்னும் நெடுஞ்சாலை விளம்பரப் பலகையில் வீடு அளவுக்கு நிற்கிறது.

பாதியைக் காசோலையாக இதோடு வைத்திருக்கிறேன். தொப்பியும் தயார். ஞானஸ்நானம் எப்போது?

உன் ரோவெனா

பிரன்சுவிக்
அக்டோபர் 1

அன்புள்ள அக்கா,

காசோலையைத் திருப்பி அனுப்புகிறேன். உனக்கும் ஐந்து மாத வாடகை பாக்கி இருக்கும். யார் மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை. கோபத்தை எழுதி அனுப்ப, உன்னைத் தவிர எவருக்கும் ஒரு முகவரிகூட இல்லை.

ஞானஸ்நானம் இந்த மாதக் கடைசி ஞாயிறு. தேவாலயம் முடிந்து வீட்டில் சாப்பாடு.

புது ஏஜெண்ட் ஒரு காகிதம் கொடுத்திருக்கிறார். "யார் வந்தாலும் கையெழுத்து வாங்கிக்கங்கம்மா, சொந்தக்காரங்கன்னு பாக்காதீங்க." இந்த வீட்டுப் படியில் விழுந்தால் வீட்டுக்காரர் மேல் வழக்குப் போட மாட்டேன் என்று அதில் எழுதியிருக்கிறது. இதோ, உன்னுடையது. ஞானத்தாய்க்கும் விலக்கில்லை.

கையெழுத்துப் போட்டு முன்கூட்டியே அனுப்பு. அது வராவிட்டால் தேவாலயத்தோடு திரும்பிவிடு, படியேறாதே.

வலது கையாலேயே போடு. கை எவ்வளவு தேறியிருக்கிறதென்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

டெல்லா